தும்பையும் தும்பும்



பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பள்ளிச் சுற்றுலாவில் சிங்கப்பூர்ப் பூமலைக்குப் போய் வந்தாளாம். அங்கே காய்ந்த செடிகளைக் காகிதத்தில் ஒட்டி, குளிர்சாதன அறையில், அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருப்பதாக வந்து சொன்னாளாம். நம் ஊர்த் தும்பைகூட அந்த அலமாரியில் உண்டாம். "ஆசிரியர் ஐயா, தும்பை எங்கள் லயத்துக் கால்வாய் ஓரத்தில் கேட்பாரற்று முளைத்துக் கிடக்கிறது. மாடுகூட அதைச் சீந்துவதில்லை. அதற்குப் போய்க் குளிர் அறையும் காவலும் எதற்கு? இதற்குச் செலவழிக்கும் காசை நாலு ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. உழைத்துச் சம்பாதிப்பவர்களுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். ஆகவே இம்மாதம் தும்பையைப் பற்றியும், அதைக் காகிதத்தில் காத்து வைப்பவர்களைப் பற்றியும் எழுதுகிறேன்.

முதலில் தும்பை

தும்பையை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நன்றாக வெளுத்த வேட்டியைக் கண்டால் 'தும்பைப் பூப்போல இருக்கிறது' என்கிறோம். சிவன் கோயிலுக்குத் தொடுத்துக்கொண்டு போகிறோம். பழந்தமிழர் வகுத்த போர் இலக்கணத்தில், இரண்டு வேந்தர்கள் நேருக்கு நேர் நின்று பொருதும் திணைக்கே தும்பை என்றுதான் பெயர். வீரர்கள் அந்தப் பூவைச் சூடிக்கொண்டு களம் புகுந்தார்கள். நம் பிள்ளைகளோ பூவைப் பறித்து அடிப்பக்கத்தை உதட்டில் வைத்துத் தேன் உறிஞ்சுகிறார்கள்.

ஆனால் தெரிந்த செடியைக்கூட நாம் சரியாகப் பார்ப்பதில்லை. அடுத்த முறை தும்பையைக் கண்டால் அதன் தண்டை இரு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். எளிதில் உருளாது, தண்டுக்கு நான்கு பட்டைகள் இருக்கும். இலைகள் எதிரெதிராக, இரண்டிரண்டாக நிற்கும். பூக்கள் கணுவைச் சுற்றிப் பந்துபோல் கூடியிருக்கும். ஒரு பூவை மட்டும் எடுத்தால் அதற்கு இரண்டு உதடுகள் தெரியும். மேலுதடு மென்மயிர் அடர்ந்த சின்னக் குல்லாய். கீழுதடு அகன்று நாக்குப்போல் நீண்டிருக்கும். பூ உதிர்ந்த பின் புல்லிக் கிண்ணத்துக்குள் பார்த்தால் நான்கு சிறு விதைகள் ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

இதே நான்கு பட்டைத் தண்டும், எதிரெதிர் இலையும், உதட்டுப் பூவும் துளசிக்கு உண்டு. புதினா, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சை ஆகியவற்றுக்கும் உண்டு. எல்லாம் ஒரே குடும்பம். நாம் துளசிக் குடும்பம் என்போம். மேல்நாட்டார் புதினாக் குடும்பம் என்பர். உலகில் இக்குடும்பத்தில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. தேக்கு மரத்தையும் நொச்சியையும்கூட இப்போது இக்குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். தும்பையிலும் பல வகைகள் உள்ளன. தமிழ்நாட்டு வயல் வரப்பில் மிகுதியாகக் காண்பது ஒன்று. நம் மலேசியாவின் பாதையோரங்களில் பொதுவாகக் காண்பது அதன் உடன்பிறப்பான இன்னொன்று. இதை மலாய்க்காரர்கள் 'கெத்தும்பாக்' என்றும் 'கெத்தும்பிட்' என்றும் அழைக்கிறார்கள். கண் இமையில் வரும் கட்டிக்கும் மலாயில் கெத்தும்பிட் என்றே பெயர். தும்பை, கெத்தும்பாக் என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். காதுக்கு எவ்வளவு நெருக்கமாக ஒலிக்கின்றன!

காகிதத்தில் ஒரு செடி

செடியை அழுத்தி உலர்த்தி, காகிதத்தில் ஒட்டி, விவரச் சீட்டோடு பாதுகாக்கும் இடத்தை ஹெர்பேரியம் என்பார்கள். உலர்செடிக் களஞ்சியம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் லூக்கா கினி என்ற பேராசிரியர் தம் மாணவர்களுக்கு இந்தக் கலையைக் கற்பித்தார். குளிர்காலத்தில் அந்த நாட்டில் செடிகள் பட்டுப்போய்விடும். பாடம் நடத்தச் செடி வேண்டுமே! காய வைத்த செடிகள் அப்படித்தான் வகுப்புக்கு வந்தன. வாத்தியார் வேலைக்காகப் பிறந்த கலை இது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தக் காலத்தில் செடிகளைப் புத்தகமாகக் கட்டி வைத்தார்கள். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் அவற்றைத் தனித்தனித் தாள்களாக வைத்தார். புதிய செடி கிடைத்தால் உரிய இடத்தில் செருகலாம். ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இன்றும் அதே முறைதான். ஒரு தாள் ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் நீளமும் 29 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். செடி அதில் அடங்காவிட்டால் தண்டை மடித்து வைப்பார்கள். வலது பக்கத்துக் கீழ் மூலையில் பெரும்பாலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இனி, தும்பைக்கு எப்படிப் பெயர் வந்தது என்று பார்ப்போம். டச்சுக்காரர்கள் இலங்கையில் ஆண்ட காலத்தில், 1672-ஆம் ஆண்டில், பால் ஹெர்மன் என்ற மருத்துவர் அங்கே வேலைக்கு வந்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, இலங்கைச் செடிகளைச் சேகரித்து உலர்த்தினார். 1695-இல் அவர் இறந்துபோனார். அவர் உலர்த்திய செடிகள் கைமாறிக் கைமாறி, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் டென்மார்க்கிலிருந்து லின்னேயஸ் மேசைக்கு வந்து சேர்ந்தன. லின்னேயஸ் ஒருநாளும் இலங்கைக்கு வந்ததில்லை. ஆயினும் அந்தக் காய்ந்த செடிகளை வைத்துக்கொண்டே இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747-இல் ஒரு நூல் எழுதி முடித்தார். 1753-இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் நம் தும்பை 'ஃப்ளோமிஸ் ஜெய்லானிக்கா' என்ற பெயரோடு இடம்பெற்றது. ஜெய்லானிக்கா என்றால் இலங்கைக்குரியது என்று பொருள். ஹெர்மனின் தொகுதிகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 300 ஆண்டுகளுக்கு மேலாகியும் இலை இலையாகவே இருக்கிறது.

1810-இல் ராபர்ட் பிரவுன் என்ற அறிஞர் தும்பை இனங்களுக்காக 'லூக்காஸ்' என்று ஒரு தனிப் பேரினம் வகுத்தார். கிரேக்க மொழியில் வெள்ளை என்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தும்பையைக் கண்ட தமிழனுக்கு வெண்மைதான் நினைவுக்கு வந்தது. ஸ்காட்லாந்து அறிஞர் எடுத்துக்கொண்ட பெயரும் வெண்மைதான்.

தமிழ்நாட்டுத் தும்பைக்கு 1809-இல் பெர்லின் நகரத்து வில்டெனோ பெயர் வைத்தார். 'ஆஸ்பெரா', அதாவது சொரசொரப்பானது என்று பெயர். இலையைத் தடவிப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். அந்தக் காலத்தில் நம் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரக் குடியேற்றம் செடி சேகரிப்புக்குப் பேர்போனது. லின்னேயஸிடம் பாடம் கேட்ட கோயினிக் என்ற மருத்துவர் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அங்கேயே தங்கிவிடாமல், 1778 முதல் 1780 வரை சயாமுக்கும் மலாக்காவுக்கும் பயணம் செய்து அங்குள்ள செடிகளையும் பார்த்து எழுதினார். தமிழ்க் கரையிலிருந்து ரப்பருக்காகக் கப்பல் ஏறியவர்கள் மலாயாவுக்கு வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே, அதே கரையிலிருந்து செடிகளைத் தேடி ஒருவர் வந்து போயிருக்கிறார்.

இங்கே ஒரு நல்ல வழக்கத்தைச் சொல்ல வேண்டும். செடியின் பெயர் மாறினால் பழைய சீட்டைக் கிழித்து எறியமாட்டார்கள். அதன் பக்கத்திலேயே புதிய சீட்டை ஒட்டி, யார் மாற்றினார், எந்த ஆண்டில் மாற்றினார் என்று எழுதுவார்கள். முந்தியவர் கருத்து தவறாகவே இருந்தாலும் அவர் கையெழுத்து அங்கே இருக்கும். ஒரே தாளில் மூன்று தலைமுறை அறிஞர்கள் வாதாடுவதைப் பார்க்கலாம். நம் சங்கக் கூட்டங்களின் நடவடிக்கைப் புத்தகத்தையும் இப்படி வைத்துக்கொண்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

பூமலையும் நம் தோட்டமும்

பூமலை 1859-இல் தொடங்கப்பட்டது. நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். நம்மை இந்த நாட்டுக்கு அழைத்து வந்த ரப்பர் மரமே அதன் வழியாகத்தான் வந்தது. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888 முதல் 1911 வரை பூமலையின் தலைவராக இருந்த ரிட்லி, மரத்தின் உயிர்ப்பட்டையைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து கண்டார். 'ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள்' என்று தோட்டக்காரர்களை விடாமல் நச்சரித்ததால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயர்கூட உண்டு. நம்மவர்கள் விடியலில் நிரைக்குப் போய், பட்டையைச் சீவி, மங்கில் பால் வடியக் காத்திருந்த வேலையின் மூலம் அதுதான்.

அதே ரிட்லி ஓயாத செடி சேகரிப்பாளர். அவர் எழுதிய மலாயாத் தீபகற்பத் தாவர நூல் 1922 முதல் 1925 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது. அவருக்குப் பின் தலைவரான பர்கில், மலாயாவில் மக்கள் எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையெல்லாம் திரட்டி 1935-இல் இரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். அதற்கு முன்பே, பினாங்கில் பணிபுரிந்த முகமது ஹனீப் என்பவரோடு சேர்ந்து, மலாய்க் கிராமத்து மருத்துவத்தைப் பற்றி 1930-இல் எழுதியிருந்தார். கம்பத்துப் பாட்டிமார் வாய்வழியாகச் சொன்னது காகிதத்தில் ஏறியது இப்படித்தான். இன்று பூமலைக் களஞ்சியத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் இருக்கின்றன.

இந்தத் தாள்களுக்கும் ஒரு கண்டம் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. வெள்ளைக்காரர்களைச் சிறை முகாமுக்கு அனுப்பினார்கள். ஆனால் பூமலையில் இருந்த ஹோல்ட்டம், கார்னர் என்ற இரண்டு அறிஞர்களை மட்டும் வேலையைத் தொடர விட்டார்கள். தனகதாதே என்ற ஜப்பானியப் பேராசிரியரும், பின்னர் தலைமை ஏற்ற கொரிபா என்ற ஜப்பானியத் தாவர அறிஞரும் அதற்குத் துணை நின்றார்கள். ஊரெல்லாம் பட்டினியும் பயமுமாக இருந்த மூன்றரை ஆண்டுகளிலும் அந்த அலமாரிகள் கொள்ளை போகாமல் தப்பின. பெர்லின் களஞ்சியத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1943 மார்ச்சில் குண்டு விழுந்து அதில் பெரும்பகுதி ஒரே இரவில் எரிந்துபோனது. தனியே பத்திரப்படுத்தியிருந்ததால் வில்டெனோவின் தாள்கள் பிழைத்தன.

இதைப் படிக்கும்போது என் மனம் வேறோர் இடத்துக்குப் போகிறது. அதே 1942, 1943-ஆம் ஆண்டுகளில்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. போர்க் கைதிகளாகப் போய் இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் பாட்டன்மாருக்கோ அப்படிப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. யார், எந்தத் தோட்டம், எந்த நாளில், எந்த முகாமில் இறந்தார் என்ற முழுமையான பட்டியலும் இல்லை. செடிகளைக் காத்தவர்கள் மேல் இதில் குற்றம் இல்லை. அவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். ஆனால் ஒரு புல்லுக்குக்கூடப் பெயரும் ஊரும் தேதியும் எழுதி வைக்கப்பட்ட காலத்தில், மனிதர்களுக்கு அது எழுதப்படவில்லை. எழுதி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

தும்பை விடாதீர்கள்

'தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பிள்ளைகளே, அந்தப் பழமொழியில் வருவது தும்பைச் செடி அல்ல. தும்பு என்றால் மாட்டைக் கட்டும் கயிறு. கையில் இருக்கும் கயிற்றை விட்டுவிட்டு, ஓடுகிற மாட்டின் வாலைப் பிடிக்க அலைவானேன் என்பது பொருள்.

காய்ந்த செடிக்குத் தும்பு எது தெரியுமா? அந்த மூலைச் சீட்டுதான். சீட்டு இல்லாத செடி வெறும் சருகு. எத்தனை அழகாக உலர்த்தியிருந்தாலும் களஞ்சியத்தில் அதற்கு மதிப்பில்லை. நம் தோட்டத்து வழக்கில் சொன்னால், பெரட்டுக்கு வந்து நாள் முழுதும் உழைத்தாலும் செக்ரோலில் பெயர் ஏறாவிட்டால் சம்பளம் இல்லை அல்லவா? அதுபோலத்தான்.

சீட்டில் என்ன எழுத வேண்டும்? எங்கே பறித்தது, என்று பறித்தது, யார் பறித்தது: இம்மூன்றும் உயிர். பிறகு, எப்படிப்பட்ட மண், வெயிலா நிழலா, செடி எவ்வளவு உயரம், பூ என்ன நிறம், கசக்கினால் என்ன மணம் என்று எழுத வேண்டும். காய்ந்தபின் நிறமும் மணமும் போய்விடும். அதனால்தான் உடனே எழுத வேண்டும். கடைசியாக, அந்த ஊர் மக்கள் அதை என்ன பெயரால் அழைக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது.

இப்படி எழுதி வைத்ததால் என்ன கிடைத்தது என்று கேட்ட தாயாருக்கு இரண்டு சான்றுகள் தருகிறேன்.

1845-இல் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குச் செடிகளில் ஒரு நோய் பரவியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அந்தக் காலத்தில் நோய் கண்ட இலைகளைச் சிலர் உலர்த்திக் களஞ்சியத்தில் வைத்திருந்தார்கள். ஏறக்குறைய 170 ஆண்டுகள் கழித்து, 2013-இல், அந்தக் காய்ந்த இலைகளிலிருந்தே நோய்க்கிருமியின் மரபணுவைப் பிரித்தெடுத்து, எந்த வகைக் கிருமி அந்தப் பஞ்சத்தை உண்டாக்கியது என்று கண்டுபிடித்தார்கள்.

இன்னொன்று. இலையின் தோலில் மூச்சுவிடும் நுண்துளைகள் உண்டு. 1987-இல் உட்வார்ட் என்ற அறிஞர், குளிர்நாட்டு மரங்கள் எட்டு இனங்களின் உலர் இலைகளைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து அந்தத் துளைகளை எண்ணினார். 200 ஆண்டுகளுக்குள் துளைகளின் நெருக்கம் 40 விழுக்காடு குறைந்திருந்தது. காற்றில் கரிவாயு பெருகப் பெருக, இலை தன் துளைகளைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. உலகம் சூடாவதைப் பற்றி இன்று எல்லாரும் பேசுகிறோம். அதன் தடயம் ஒரு காய்ந்த இலையில் இருந்தது.

இந்த இலைகளைப் பறித்தவர்களுக்கு மரபணு என்ற சொல்லே தெரியாது. கரிவாயு கூடும் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். பின்னால் வருகிறவன் என்ன கேள்வி கேட்பான் என்று பறிக்கிறவனுக்குத் தெரியாது. ஒழுங்காக உலர்த்தி, உண்மையாக எழுதி வைப்பது மட்டுமே அவன் பொறுப்பு. குளிர் அறைக்குச் செலவழிக்கும் காசு அதற்காகத்தான். நம் பிள்ளைகளின் பிள்ளைகள் கேட்கப் போகும் கேள்விக்கு இன்றே எடுத்து வைக்கும் சேமிப்பு அது.

கேட்பாரற்ற செடி

இதில் ஒரு சங்கடம் உண்டு. செடி தேடிக் காட்டுக்குப் போகிறவர்கள் அரிய செடியைக் கண்டால் ஆவலோடு பறிப்பார்கள். அடையாளம் தெரியாத ஆர்க்கிட் பூவுக்காக மலை ஏறுவார்கள். பாதையோரத் தும்பையை மிதித்துக்கொண்டே போய்விடுவார்கள். 'இது எங்கும் இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம்' என்ற நினைப்பு. எங்கும் இருப்பதை யாரும் எழுதுவதில்லை. பிறகு ஒருநாள் அது அருகிப்போனால், எப்போது போனது, எங்கிருந்து போனது என்று சொல்ல ஆதாரம் இருப்பதில்லை.

தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். 1950-களில் துண்டாடல் என்ற பெயரில் எத்தனை தோட்டங்கள் கைமாறின! அதைக் கண்டு பொறுக்காமல்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்த இடங்கள் உண்டு. ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது, பெரட்டுக் களம் எங்கே இருந்தது, மாரியம்மன் கோயில் வேப்பமரம் எங்கே நின்றது என்று இன்றைய பிள்ளைகளுக்குக் கைகாட்டக்கூட இடம் இல்லை. தோட்டத்தோடு பள்ளியும் இடம் பெயர்ந்து நகரத்துக்குப் போயிருக்கிறது. தோட்டம் எங்கும் இருந்த காலத்தில் அதைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோட்டமும் தும்பை மாதிரிதான்.

நம் தாய்மார்களுக்குத் தெரிந்த செடிகள் எத்தனை! புல் வெட்டியும், மருந்து அடித்தும், நிரை நிரையாக நடந்தும் பழகிய கண்கள். லாலான் எங்கே வரும், தொட்டாற்சுருங்கி எங்கே படரும், எந்தக் கீரையைக் கடைந்தால் வயிற்றுக்கு ஆகும் என்று பாட்டிமாருக்குத் தெரியும். மலாய்க் கம்பத்து மருத்துவத்தைக் கேட்டு எழுத ஒரு பர்கிலும் ஒரு முகமது ஹனீபும் கிடைத்தார்கள். நம் லயத்துப் பாட்டிமார் சொன்னதை எழுதிக்கொள்ளப் பெரிய துரை யாரும் வரப்போவதில்லை. அவர்கள் வீட்டிலேயே எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அது போதும்.

நீங்களே செய்யலாம்

பிள்ளைகளே, பள்ளி விடுமுறையில் இதைச் செய்து பாருங்கள். காசு செலவில்லை.

முதலில், மருந்தடித்த இடத்துச் செடியைத் தொடவே கூடாது. எங்கே, என்று அடித்தார்கள் என்று அப்பாவையோ மண்டோரையோ கேட்டுவிட்டுப் போங்கள். 'பாரகுவாட்' என்ற கொடிய களைக்கொல்லி மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் வேறு மருந்துகள் இருக்கின்றன.

காலைப் பனி உலர்ந்த பிறகு, பூவும் இலையும் உள்ள தும்பைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்குங்கள். வேரிலுள்ள மண்ணைத் தட்டிவிடுங்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு செடிதான் இருக்கிறதென்றால் பிடுங்க வேண்டாம். பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அங்கேயே நின்றபடி, நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய தமிழ் நாளிதழை மடித்து அதற்குள் செடியைப் பரப்புங்கள். ஓர் இலையாவது முதுகு காட்டும்படி திருப்பி வையுங்கள். மேலும் கீழும் நாலைந்து தாள் வைத்து, அதன்மேல் பலகையும் கனமான கல்லும் ஏற்றுங்கள். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். ஆகவே தினந்தோறும் தாளை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் இரண்டே நாளில் பூசணம் பிடித்துக் கறுத்துப்போகும். ஒரு வாரம் அல்லது பத்து நாளில் செடி மொடமொடவென்று காய்ந்துவிடும்.

பிறகு தடித்த வெள்ளைத் தாளில் வைத்து, மெல்லிய காகிதப் பட்டைகளால் அங்கங்கே ஒட்டுங்கள். செடி முழுவதும் பசை தடவக் கூடாது. சீட்டை மூலையில் ஒட்டுங்கள். காய்ந்த இலையைத் தின்னச் சின்ன வண்டு ஒன்று வரும். பெரிய களஞ்சியங்களில் அதற்காக முன்பு பாதரச நஞ்சு பூசினார்கள். அது மனிதருக்கும் கேடு என்பதால் இப்போது தாள்களை உறைகுளிரில் வைத்து வண்டைக் கொல்கிறார்கள். நாம் ஒட்டுவதற்கு முன், காய்ந்த செடியைப் பிளாஸ்டிக் பையில் நன்றாக மூடி, குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரம் வைத்து எடுத்தாலே போதும்.

சீட்டு எழுதும்போது பாட்டியை அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். 'இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர், எதற்குப் பயன்படுத்தினீர்கள்?' என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். சொன்னவர் பெயரையும் எழுதுங்கள். அது மிக முக்கியம். ஆனால் எழுதிக்கொள்வது வேறு, செய்து பார்ப்பது வேறு. தும்பைச் சாற்றைக் கண்ணிலோ மூக்கிலோ விடுவது போன்ற பழைய கை வைத்தியத்தைப் பிள்ளைகளிடம் சோதிக்க வேண்டாம். கண் நோய்க்குக் கிளினிக்தான் போக வேண்டும்.

சீட்டில் இடத்தை எழுதும்போது மாநிலம், மாவட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தோட்டத்தின் பெயரை எழுதுங்கள். கணக்குப் புத்தகத்தில் உள்ள ஆங்கிலப் பெயரோடு, நம்மவர்கள் அழைக்கும் தமிழ்ப் பெயரையும் எழுதுங்கள். எத்தனையாவது லயம், எந்தக் கால்வாய், கோயிலுக்கு எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். தோட்டம் இப்போது இல்லையென்றால், 'முன்பு இன்ன தோட்டம் இருந்த இடம்' என்று எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் நாளையும் போடுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்குப் பத்துச் செடி உலர்த்தி வைத்தாலே ஐயாயிரம் தாளாகும். அறிவியல் பாடமும் தமிழ்ப் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒரே தாளில் அடங்கும்.

கடிதம் எழுதிய தாயாருக்கு நான் சொல்வது இதுதான்: பூமலை அலமாரியில் தும்பைக்குக் கிடைத்த இடம் பெரிதாகத் தோன்றலாம். அதைக் கண்டு வந்த உங்கள் மகளிடம் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுங்கள். லயத்துக் கால்வாய் ஓரத்துத் தும்பைக்கு அவள் ஒரு சீட்டு எழுதட்டும். அதில் உங்கள் தோட்டத்தின் பெயரும், உங்கள் தாயார் பெயரும், அவள் பெயரும் இருக்கட்டும்.

அடுத்த மாதம் வேறொரு கேள்வியோடு சந்திப்போம்.